வேர் சாரும் கெட்டி டீயும்

வேர் சாரிடம் மணி என்ன என்று கேட்டால் மணி மட்டும் கிடைக்காது. கடிகாரத்துக்கு இங்கிலீஷில் கிளாக் என்று ஏன் பெயர் வந்தது என்பது கிடைக்கும். அந்தச் சொல்லுக்கு ஆதியில் கயிற்றைப் பிடித்து இழுத்து அடிக்கிற மணி என்றுதான் அர்த்தமாம். முள், எண் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவையாம். இதைக் கேட்டு முடிப்பதற்குள் கேட்டவருடைய பஸ் போயிருக்கும். எந்தச் சொல்லைக் கண்டாலும் 'அதோட வேர் என்னன்னா' என்று ஆரம்பிப்பதால் தெருவில் அவருக்கு வேர் சார் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்றும் உண்டு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் வரும்.

வேலை, ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது. அந்த அச்சகம் மாத்திரைப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கிற துண்டுச் சீட்டுகளை அச்சடித்தது. வெங்காயச் சருகு போன்ற தாள், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. பெட்டியைப் பிரித்தவுடன் எல்லாரும் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான். அவற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஊன்றிப் படித்த ஒரே ஆள் வேர் சாராகத்தான் இருக்க வேண்டும், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு. அதனால் உறவினர்கள் அவர் முன்னால் மாத்திரை போடமாட்டார்கள். தலைவலிக்கு ஒன்றைக் கையில் எடுத்தால் போதும், "இதுக்குப் பக்கவிளைவு தலைவலின்னு போட்டிருக்கு. அந்த வரியில ஒரு எழுத்து விட்டுப்போயிருந்துச்சு, நான்தான் சேர்த்தேன்" என்பார்.

அந்தச் சீட்டுகளில் பாதிச் சொற்கள் லத்தீன். பிழை திருத்துகிறவன் அர்த்தம் தெரிந்து திருத்த வேண்டும் என்று பழைய புத்தகக் கடையில் ஒரு வேர்ச்சொல் அகராதி வாங்கினார். தலையணை கனம். அட்டை பிய்ந்துபோனதும் மனைவி, மிச்சம் விழுந்த திரைச்சீலைத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். நீலத்தில் மஞ்சள் பூப் போட்ட துணி. அந்த வீட்டில் அவருடைய படிப்புக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

மனைவி தெருவுக்குத் தையல் அக்கா. முன்னறையில் மெஷின். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலை தைப்பது என்று ஓயாத வேலை. கல்யாணமான புதிதில் கணவன் பேசியதையெல்லாம் கேட்டாள். கூச்சத்தில் எதையாவது பேசுகிறார், போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். போகப்போகக் கூச்சம் போனது, பேச்சு இருந்தது. பிறகு மெஷின் வந்தது. 'அதோட வேர் என்னன்னா' என்று அவர் வாயெடுத்தால் அவள் கால் தானாக மிதியில் ஏறும். கடகடவென்று ஒரு விளிம்பு ஓடி முடிகிறபோது அவரும் முடித்திருப்பார். "புரிஞ்சுதா?" என்பார். "ம்" என்பாள். குடும்பம் நல்லபடியாகத்தான் ஓடியது. பெண் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, நாலு தெரு தள்ளிக் குடியிருந்தாள்.

ஒரு நாள் காலை ரொட்டித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேர் சார் என்னவோ சொல்ல வந்தார். ரொட்டி கீழே விழுந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. தையல் அக்கா மிதியை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வழக்கமாக மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் கேட்கவில்லை. அதனால் திரும்பிப் பார்த்தாள். அப்படித் திரும்பியதால்தான் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கும் பெண்ணுக்கும் விளக்கினார்.

"ரத்தம் ஒரு இடத்துல கோயாகுலேட் ஆகி, அதாவது உறைஞ்சு கட்டியாகி, மூளைக்குப் போற குழாயை அடைச்சிருக்கு. நல்லவேளை சீக்கிரம் கொண்டு வந்தீங்க."

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவரின் உதடு அசைந்தது. டாக்டர் குனிந்தார்.

"மா... டு" என்றார் வேர் சார்.

"என்ன சொல்றார்?"

"மாடு" என்றார் மறுபடி, இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக.

டாக்டர் அட்டையில் 'பேச்சில் குழப்பம்' என்று எழுதினார். பெண் எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், அதை அடிச்சிடுங்க. அப்பா தெளிவாத்தான் இருக்கார். நீங்க சொன்ன அந்தச் சொல்லுக்குள்ள மாடு எங்கேயாவது இருக்கும்."

"சொல்லுக்குள்ள மாடா?"

"எப்பவும் இப்படித்தான் டாக்டர். எங்களுக்குப் பழகிப்போச்சு."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற தையல் அக்கா அதுவரை அழவில்லை. 'மாடு' என்றதைக் கேட்ட பிறகுதான் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆள் உள்ளே அப்படியே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

கையும் காலும் மெதுவாகத் திரும்பின. வாய் நேராகிக்கொண்டு வந்தது. தொண்டைதான் தகராறு செய்தது. தண்ணீர் கொடுத்தால் பாதி உள்ளே போகும், மீதிக்குக் கண் பிதுங்க இருமுவார். அதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். விழுங்குவதற்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. தையல் அக்காவின் தம்பி, பெயின்ட் கடை வைத்திருப்பவன், பார்க்க வந்த அன்றே அவளுக்கு விழுங்கு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான்.

விழுங்கு டீச்சர் ஒரு டப்பாவைக் காட்டினாள். உள்ளே வெள்ளைப் பொடி.

"அம்மா, தண்ணி, டீ, பால் எல்லாம் நீர்க்க இருக்கிறதால வேகமாப் போகுது. இவர் தொண்டை மூடுறதுக்கு முன்னால மூச்சுக்குழாய்ல இறங்கிடுது. நுரையீரலுக்குப் போச்சுன்னா சளி கட்டிப் பெரிய தொல்லை. இந்தப் பொடியைப் போட்டுக் கெட்டியாக்கிக் கொடுத்தா மெதுவாப் போகும். வேற ஒண்ணுமில்ல, மாவுதான். எது குடிச்சாலும் இப்படித்தான் குடிக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தொண்டை பலமாகிற வரைக்கும். அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க, பார்க்கிறேன். ஆனா ஒண்ணு. வேணும்கிற அளவு உள்ள போகலைன்னாலோ, அப்பவும் இருமல் நிக்கலைன்னாலோ, மூக்கு வழியா டியூப் போட்டுடுவோம். சாப்பாடு, தண்ணி எல்லாம் அதுலதான்."

தையல் அக்கா கணவனைப் பார்த்தாள். அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூக்கில் குழாயோடு படுத்த பக்கத்துக் கட்டில்காரர் பேச முடியாமல் சைகை காட்டிக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே பார்த்திருந்தார்கள். சைகையில் லத்தீன் வராது.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு கையில் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இன்னொரு கையில் டீ கெட்டியாகப் பொடி.

"ரத்தத்தை நீர்க்க வைக்கணும், டீயைக் கெட்டியாக்கணும். எங்கம்மா கட்டிக் கொடுத்தப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள் தையல் அக்கா பெண்ணிடம். "இப்ப எல்லாம் மாறிக் கிடக்கு."

கெட்டி டீ என்றால் என்ன என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பொடியைத் தூவி, கிளறி, கொஞ்ச நேரம் விட வேண்டும். பிறகு கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒழுகக் கூடாது. யோசித்து யோசித்து, ஒரே கட்டியாக, தொப்பென்று விழ வேண்டும். நிறம் டீ மாதிரி. வாசனை டீ மாதிரி. வாயில் வைத்தால் போஸ்டர் ஒட்டுகிறவன் வாளியில் விரலை விட்டு நக்கியது மாதிரி. தையல் அக்கா முதலில் தான் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள் பிறகு.

"நீ குடி" என்றார்.

தம்பி வந்து கரண்டியைச் சாய்த்துப் பார்த்தான். அவனுக்குத் தொழில் ஞானம் உண்டு.

"அக்கா, இதை அப்படியே சுவத்துல அடிக்கலாம். ஒரே கோட்ல மூடிடும். அத்தான், கொஞ்சம் தின்னர் கொண்டு வரட்டுமா?"

"வாயை மூடுடா, அவரே குடிக்க மாட்டேங்கிறார்."

குடிக்கவில்லைதான். காலையில் வைத்தால் 'அப்புறம்' என்றார். அப்புறம் வைத்தால் 'ஆறிப்போச்சு' என்றார். ஒரு நாள் கப் காலியாக இருந்தது. தையல் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளும் காலி. அதற்கு மறுநாள் ஜன்னலோரம் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். தண்ணீர் மண்ணில் இறங்காமல் மேலேயே நின்றது. விரலால் தொட்டால் மண்மேல் பளபளவென்று பழுப்பாக ஒரு தோல்.

"ஏங்க, இந்தச் செடிக்கும் தொண்டை சரியில்லையா?"

வேர் சார் அகராதிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. அவர் உதடு வெடித்தது. கன்னம் ஒட்டியது. பாத்ரூம் போவதே குறைந்தது. பெண் போனில் விழுங்கு டீச்சரைக் கேட்டாள். "இப்படியே போனா டியூப்தான்" என்று பதில் வந்தது. பெண் வந்து கெஞ்சினாள், மிரட்டினாள், "உங்களுக்கு அம்மா மேல அக்கறையே இல்லப்பா" என்று அழுதாள். அவர் கூடவே கண் கலங்கினார். கப்பை மட்டும் தொடவில்லை.

அந்த மதியம் தையல் அக்கா மாத்திரை கொடுக்க உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பது மறந்துவிட்டது. பெட்டிக்குள்ளிருந்த சீட்டைப் பிரித்தாள். கணவனின் அச்சகத்தில் அச்சானதுதான். எறும்பு எழுத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"ஆன்டி... கோயா... கோயாகு... என்ன கருமம் இது?"

அவள் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. பேச்சு வாக்கில் வந்தது. ஆனால் அவர் வாழ்க்கையில் மனைவி வாயிலிருந்து, மெஷின் ஓடாத நேரத்தில், ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வந்த முதல் கேள்வி அது. வேர் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் விளக்குப் போட்டது போல ஆனது. வாயை நன்றாகத் திறந்தார்.

தையல் அக்கா கை நிறைய வேலை பார்த்தவள். ஊசியில் நூல் கோக்க வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டாள். கெட்டி டீயில் ஒரு கரண்டி எடுத்துத் திறந்த வாய்க்குள் வைத்துவிட்டாள்.

அவருக்கு இரண்டே வழி. துப்பினால் சட்டை பாழ், பேச்சும் தாமதம். விழுங்கினால் உடனே பேசலாம். விழுங்கு டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விழுங்கினார்.

"அதோட வேர் என்னன்னா" என்றார் மூச்சு வாங்கி.

அவள் கால் பழக்கத்தில் மிதியைத் தேடியது. மெஷின் முன்னறையில் இருந்தது. இவள் இங்கே நாற்காலியில் இருந்தாள். வழியில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டு லத்தீன் துண்டு. 'கோ'ன்னா சேர்த்து. 'ஆகெரெ'ன்னா ஓட்டிட்டுப் போறது. மாட்டை ஓட்டிட்டுப் போற மாதிரி. அங்கங்க மேயுற மாட்டையெல்லாம் ஒரே இடத்துல ஓட்டிச் சேர்த்தா எப்படி இருக்கும்? நெருக்கமா, அசைய முடியாம? அதான் கோயாகுலேட். நீர்க்க ஓடுறதை ஓட்டிச் சேர்த்துக் கட்டியாக்கிறது."

"ஓ. ஆஸ்பத்திரியில சொன்ன மாடு இதுதானா?"

"இதுதான். அந்த டாக்டர் கேக்கலை."

"வாயைத் திறங்க. அப்புறம்?"

அந்த 'அப்புறம்' கேட்டுத்தான் முதல் கப் முடிந்தது. தையல் அக்காவுக்கு வழி பிடிபட்டுவிட்டது. ஒரு கரண்டிக்கு ஒரு கேள்வி. மூக்குக் குழாயைவிட லத்தீன் மேல். மறுநாள் முதல் டீ நேரத்தில் மெஷின் நின்றது. ஜிப் மாற்றக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றால், "கொஞ்சம் இருங்க, மாடு ஓட்டிட்டிருக்கார்" என்பாள்.

இரண்டாம் நாள் கன்றுக்குட்டி வந்தது. "கோயாகுலும்னா லத்தீன்ல பாலுக்கு ஊத்துற உறை. கன்னுக்குட்டி வயித்துல ஒரு சத்து இருக்கு. அதை எடுத்துப் பால்ல போட்டா பால் திரண்டு கட்டியாகும். சீஸ் பண்றது அப்படித்தான். முதல்ல இந்தச் சொல்லு பாலுக்குத்தான்."

"பெரிய மாட்டை ஓட்டிட்டுப் போனது போதாதுன்னு கன்னுக்குட்டி வயித்துலயும் கையை விட்டுட்டாங்களா? திறங்க."

பயிற்சிக்காக அவரை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லியிருந்தார்கள். பாதி குந்திய நிலையில் அப்படியே நின்றுவிட்டார். பயந்துபோய் ஓடி வந்தாள்.

"என்னங்க, இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?"

"இல்லடி. இப்படிக் குந்துறதுக்கு இங்கிலீஷ்ல ஸ்குவாட்டுன்னு சொல்லுவாங்களே, அதுவும் அதே வேர்தான்! உடம்பை ஓட்டிச் சேர்த்து அமுக்கிடுறோம்ல? சொந்தக்காரனுங்க எங்கெங்க இருக்கானுங்க பாரு."

"நீங்க முதல்ல உட்காருங்க. சொந்தக்காரங்க அப்புறம் வரட்டும்."

உடம்பு தேறியது. உதட்டு வெடிப்பு ஆறியது. ஆனால் வேர் சார் வாழ்நாளெல்லாம் கூட்டத்துக்கு ஏங்கிய ஆள். கரண்டிக்குக் கரண்டி பேச்சை நீட்டக் கற்றுக்கொண்டார். ஒரு வாய் விழுங்கினால், கரண்டியைத் தானே வாங்கிக் கப்புக்குள் விட்டுக் கிளறிக்கொண்டே, ரோமாபுரிக்கு ஒரு நடை போய் வருவார். பிறகு அடுத்த வாய். ஒரு கப் முடியச் சாயங்காலமாகியது. "பாலுக்குச் சொன்ன சொல்லு ரத்தத்துக்கு எப்படி வந்துச்சு?" என்று அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவர் விரலை உயர்த்தி, "அது பெரிய விஷயம். நாளைக்கு" என்றார். ஆள் வராத கடையைத் திறந்து வைத்திருக்கிறவன் கையில் ஒரு கிராக்கி மாட்டியது மாதிரி முகம்.

அப்போதுதான் இருமல் திரும்பியது.

முதல் பாதிக் கப் ஒழுங்காகப் போகும். கீழ்ப்பாதி வந்ததும் முகம் சிவந்து இருமுவார். கப்பைச் சாய்த்தால், கலக்கியபோது கட்டியாக இருந்தது தண்ணீராக ஓடியது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இருமல் நிற்கவில்லை என்றால் குழாய் என்று டீச்சர் சொன்னது தையல் அக்காவின் காதில் மெஷினை விடச் சத்தமாக ஓடியது.

முதல் சந்தேகம் பொடி மேல். இரண்டாவது டப்பாவைத் தம்பிதான் வாங்கி வந்திருந்தான்.

"எந்தக் கடையில வாங்கினே? விலை குறைச்சல்னு எதையாவது தூக்கிட்டு வந்தியா?"

"அக்கா, நான் பெயின்ட் விக்கிறவன். போலிச் சரக்கை மோந்து பார்த்தே சொல்லிடுவேன். பொடியெல்லாம் சரி. அத்தான்தான் நீ திரும்பினதும் தண்ணி கலக்கிறார்."

"நானா?" வேர் சாருக்குக் கோபத்தில் பேச்சு குழறியது. "இவதான் பொடியைக் குறைச்சுப் போடறா. துணி வெட்டுற மாதிரி எல்லாத்துலயும் மிச்சம் பிடிப்பா."

"நானா மிச்சம் பிடிக்கிறேன்? செடிக்கு ஊத்தினது யாரு?"

தம்பி நடுவில் புகுந்து ஒரு சோதனை வைத்தான். ஒரே பாத்திரத்தில் கலக்கி இரண்டு கப். ஒன்று மேசை மேல், யாரும் தொடக் கூடாது. இன்னொன்று அத்தானுக்கு. அவனே கைகட்டிக் காவலுக்கு நின்றான். வேர் சார் வழக்கம் போலக் குடித்தார், பேசினார், கிளறினார், பேசினார். தம்பிக்கு அன்று கன்றுக்குட்டி வரை எல்லாம் கேட்டாக வேண்டியிருந்தது. கடைசியில் இரண்டு கப்பையும் சாய்த்துப் பார்த்தார்கள். மேசை மேலிருந்தது அசையவில்லை. அவர் குடித்தது ஓடியது. யாரும் தண்ணீர் கலக்கவில்லை.

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, என் கடையில இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல. பேசியே கரைச்சிட்டார்."

ஆஸ்பத்திரிக்கு எல்லாருமாகப் போனார்கள். தையல் அக்கா பிளாஸ்கில் டீயும் டப்பாவும் கொண்டுபோனாள். விழுங்கு டீச்சர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"ஒரு கப் குடிக்க எவ்வளவு நேரம் ஆகுது?"

"அது சொல்றதைப் பொறுத்து" என்றாள் தையல் அக்கா.

"எதைச் சொல்றதை?"

நடந்ததைச் சொன்னாள். மாடு, கன்று, குந்துவது எல்லாம் சொன்னாள். டீச்சர் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள்.

"அம்மா, பொடியில குத்தமில்ல. எச்சில். நம்ம எச்சில்ல மாவைக் கரைக்கிற சத்து ஒண்ணு இருக்கு. ரொட்டியை மென்னுட்டே இருந்தா இனிக்கும்ல, அதே வேலை. சார் வாயில வெச்ச கரண்டியைத் திரும்பத் திரும்பக் கப்புக்குள்ள விட்டு, மத்தியானம் பூரா ஊற விட்டா, அது எப்படிக் கெட்டியா இருக்கும்?"



"அப்ப இவர் வாய்தான்" என்றாள் தையல் அக்கா. குரலில் ஒரு பெரிய வழக்கில் ஜெயித்த நிம்மதி. "இத்தனை வருஷமா நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். ஸ்கேன் எடுத்துத்தான் தெரியணுமா?"

வேர் சார் கோபப்படவில்லை. முகம் மலர்ந்திருந்தது. தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நானே ஒரு ஆன்டி-கோயாகுலன்ட்டு" என்றார். "சீட்டுல போட வேண்டியதுதான்."

டீச்சர் எச்சிலுக்குக் கரையாத வேறொரு பொடி எழுதிக் கொடுத்தாள். அது கிடைக்கும் வரைக்கும் தையல் அக்காவே வழி கண்டுபிடித்தாள். மொத்தத்தையும் ஒரே கப்பில் கொடுத்தால்தானே? மருந்துச் சிரப்போடு வரும் மூடி அளவுச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினாள். அதைக் காலி செய். பிறகு பேசு. அடுத்ததுக்கு வேறு கிண்ணம், வேறு கரண்டி. பெரிய துணியை ஒரே வீச்சில் தைக்க முடியாவிட்டால் துண்டு துண்டாகத் தைப்பது மாதிரி. பாத்திரம் விளக்கத்தான் கூடுதல் வேலை.

"விழுங்கும்போது பேச்சு கிடையாது" என்றும் டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தாள். "தொண்டை ஒரு நேரத்துல ஒரு வேலைதான் பார்க்கும்." அதைத்தான் அவர் கஷ்டப்பட்டுக் கற்றார். கை, கால் திரும்பியதைவிட அது மெதுவாகத் திரும்பியது.

இருமல் நின்றது. பிறகு பரீட்சை நாள் வந்தது. மேசையில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர். பொடி இல்லை. அதைக் குடித்துத் தாண்டிவிட்டால் பழையபடி எல்லாம் குடிக்கலாம். இல்லையென்றால் பேச்சு மறுபடி மூக்குக் குழாயிலிருந்து ஆரம்பிக்கும். பெண் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்தாள். தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தையல் அக்கா கணவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

"ஒரு வாய் குடிங்க சார். விழுங்கினதும் 'ஆ'ன்னு சொல்லுங்க. குரல் ஈரமா இருந்தா தண்ணி தப்பான வழியில போயிருக்குன்னு அர்த்தம்" என்றாள் டீச்சர்.

மோவாய் நெஞ்சுக்கு வந்தது. தொண்டை ஏறி இறங்கியது. எல்லாரும் இருமலுக்குக் காத்திருந்தார்கள்.

"ஆ" என்றார். சுத்தமான, காய்ந்த 'ஆ'. "ஆ... கெரெ. ஓட்டிட்டுப் போறது. டீச்சர், உங்க 'ஆ'ல இருந்தே ஆரம்பிக்கலாம்—"

"அடுத்த வாய் சார்."

"இதுக்கு முன்னாடி 'கோ' ஒண்ணு இருக்கு—"

"என்னங்க!" என்றாள் தையல் அக்கா.

டம்ளர் காலியாகும் வரை அவர் தொண்டை தப்புச் செய்யவில்லை. டீச்சர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெண் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். தம்பி, "டப்பாவுல மிச்சம் இருந்தா எனக்குக் கொடு அக்கா, சுவத்துல விரிசல் அடைக்கலாம்" என்றான்.

வீட்டில் அன்று சாயங்காலம் ஓடுகிற டீ. ஆவி பறக்க, கப்பை ஆட்டினால் அலையடிக்கிற டீ. வேர் சார் முதல் வாயில் கண்ணை மூடினார். நாலைந்து வாயில் கப் காலி. நிமிர்ந்து பார்த்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

முன்னறையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாடு ஓட்டியதில் தேங்கிப்போன துணி அவள் பக்கத்தில் மூட்டையாகக் கிடந்தது. துணி கொடுத்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் நாளை வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவர் கப்பைக் கீழே வைத்தார். எடுத்தார். வைத்தார். பிறகு உள்ளேயிருந்து முன்னறைக்கு ஓர் இருமல் கேட்டது.

மெஷின் நின்றது. தையல் அக்கா காதைக் கொடுத்தாள். இன்னொரு இருமல். அவளுக்கு இந்த இரண்டு மாதத்தில் அவருடைய இருமல் எல்லாம் அத்துப்படி. நிஜ இருமல் நெஞ்சுக்குள்ளிருந்து, கேட்காமல் வரும். இது தொண்டைக்கு மேலேயே, வாசலில் நின்று கூப்பிடுகிற ஆள் மாதிரி, கேட்டுக் கேட்டு வந்தது.

எழுந்து போனாள். அலமாரியிலிருந்து பொடி டப்பாவை எடுத்து அவர் முன்னால், காலிக் கப்புக்குப் பக்கத்தில், சத்தம் வர வைத்தாள்.

"இன்னொரு தரம் இருமினா பழைய டீதான்."

இருமல் நின்றுபோனது. அவள் திரும்ப வந்து உட்கார்ந்தாள். துணியை ஊசிக்கு அடியில் வைத்தாள். மிதியில் காலை வைத்தவள் அழுத்தவில்லை. நூல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"ஏங்க."

"என்ன?" உள்ளேயிருந்து உடனே வந்தது பதில், கதவுக்குப் பின்னாலேயே நின்றது போல.

"பாலுக்குச் சொன்ன சொல்லு ரத்தத்துக்கு எப்படி வந்துச்சுன்னு நாளைக்குச் சொல்றேன்னீங்களே. எத்தனை நாளைக்கு?"

நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. அகராதி மேசை மேல் விழுகிற சத்தம் கேட்டது.

"மெஷினை நிறுத்து, சொல்றேன்."

"நிறுத்த முடியாது, வேலை கிடக்கு. சத்தமாப் பேசிப் பழகச் சொல்லி டீச்சர் சொல்லியிருக்காங்க." மிதியை மெதுவாக அழுத்தினாள். "இங்க வந்து உட்கார்ந்து சத்தமாச் சொல்லுங்க."